ஏழு மணி என்று சொன்னேன்

இப்போது உங்களுக்கெல்லாம் வசதி. கைபேசியில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும். வான்வழியில் இத்தனை கிலோமீட்டர், விமானத்தில் இத்தனை மணி நேரம் என்று அது சொல்லிவிடுகிறது. துபாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் ஏறக்குறைய இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், நான்கு மணி நேரம். தென்காசியில் நான் டிக்கெட் போட ஆரம்பித்த காலத்தில் இதைச் சொல்வதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்தான். எனக்கு வேறு திறமை எதுவும் கிடையாது என்று என் மனைவி எழுதியே கொடுப்பாள்.

நீங்கள் கேட்கிற இரண்டு ஊரின் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் நான் மணியைச் சொல்லிவிடுவேன். மஸ்கட்டா, மூன்றரை. தோஹாவா, நாலரை. இதனால் ஊரில் எனக்கு மணிக்கூண்டு என்று பெயர். உயரத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் ஐந்தடி மூன்று அங்குலம், செருப்போடு சேர்த்து.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் அண்ணாச்சி என்று கேட்டீர்கள். டிக்கெட் போடுவது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. கடைசி வரை ஒற்றை விரலால் தட்டியவன் அதை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் எழுதப் போவது ஒன்றே ஒன்றுதான். ஓர் ஆள் எப்போது வீடு வந்து சேருவான் என்று வீட்டார் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது.

இந்தக் கேள்வியை அவர்கள் விமானக் கம்பெனியிடம் கேட்க மாட்டார்கள். நம்மிடம்தான் கேட்பார்கள். இந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் ஆண்பிள்ளை வளைகுடாவில் இருக்கிறான். அவன் வருகிற அன்று பிரியாணி அரிசியை எத்தனை மணிக்கு ஊறப்போடுவது என்பதுகூட நம் வாயைப் பார்த்துத்தான். கேட்பதற்குச் சின்னக் கேள்வி. அதற்கு இரண்டு விதமாகத் தப்பாகப் பதில் சொல்லலாம். இரண்டையும் நான் செய்திருக்கிறேன்.

முதல் தப்பு சிரிக்கத்தக்கது. ஆலங்குளத்துப் பட்டாளத்துக்காரர் ஒருவர் டெல்லியிலிருந்து தன்னுடைய நிச்சயதார்த்தத்துக்கே வர வேண்டியிருந்தது. நிச்சயதார்த்தம் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில். பகல் ஒன்றரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "காலையில ஆறு மணிக்கு ஏறுனா ஒன்பதரைக்குத் திருவனந்தபுரம். அங்கன இருந்து மூணு மணி நேரம். பன்னெண்டரைக்கு மாப்பிள்ளை மண்டபத்துல இருப்பாரு."

கணக்கு சரி. ஆனால் விமானத்தின் இருக்கைக்கும் காரின் கதவுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருக்கிறது என்பதை நான் விட்டுவிட்டேன். அதைவிட, அது ஆனி மாதச் சனிக்கிழமை, குற்றாலச் சீசன் என்பதையும் விட்டுவிட்டேன். சாரல் விழுகிறது, அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற எல்லா வண்டியும் குற்றாலத்தில் நிற்கிறது. செங்கோட்டையிலிருந்து கால் மணி நேரத்தில் வர வேண்டிய மாப்பிள்ளை, இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். மணி நாலு. பட்டாளத்து நடை என்பதால் நாலு. நானாக இருந்தால் ஆறு.

திங்கட்கிழமை பெண்ணின் தாய்மாமா அலுவலகத்துக்கு வந்தார். கூடவே மாப்பிள்ளையின் சித்தப்பாவும் வந்தார்.

"ஏவே மணிக்கூண்டு, ஏரோபிளேன் நேரா எங்க மண்டபத்து மொட்டை மாடியிலயா எறங்கும்?" என்றார் தாய்மாமா.

"அவரு என்ன செய்வாரு. கடிகாரத்துக்குக் கார் ஓட்டத் தெரியுமா?" என்றார் சித்தப்பா.

பந்தியில் எந்த வரிசையில் உட்காருவது என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு வீட்டாரும் என்னைத் திட்டுவதில் ஒன்றானார்கள். அந்தச் சம்பந்தம் இன்றுவரை நன்றாக இருப்பதற்கு என் பங்கும் உண்டு என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

அன்றிலிருந்து நான் நேரத்தைக் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். விமானக் கம்பெனிகளே இதைச் செய்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தால் வானத்தில் இருப்பது அதைவிடக் குறைவுதான். கொஞ்சம் சேர்த்துப் போட்டுவிட்டால் தாமதமானாலும் சொன்ன நேரத்துக்கு வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் கூட்டியதற்கு மேல் நான் ஒரு மணி நேரம் கூட்டினேன். டிரைவர் டீ குடிப்பதற்கு ஒரு அரை மணி. சீசன் என்றால் இன்னும் ஒரு மணி.

இதில் ஒரு சுகம் இருந்தது. வருகிறவன் எப்போதும் நான் சொன்னதற்கு முன்னாலேயே வந்தான். "அண்ணாச்சி ஆறுன்னாரு, பிள்ள நாலரைக்கே வந்து நிக்கான்" என்று வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் கொஞ்சம் அல்வா வந்தது. "நான் சொல்லுததுக்கு முன்னால வந்தா சந்தோஷம்தான" என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அதை எல்லாரிடமும் சொல்வேன், எல்லாரும் சிரிப்பார்கள். தொழிலின் சூட்சுமமே கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டாவது தப்பு இந்தச் சூட்சுமம்தான்.

நாசர் என்று ஒரு தம்பி. துபாயில் ஏசி மெக்கானிக். வாப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். உம்மா மட்டும் தென்காசியில். ஒரே பிள்ளை. உம்மாவுக்கு ஆறேழு மாதமாக உடம்பு சரியில்லை. அவரைப் பார்த்துக்கொண்டது உம்மாவின் அண்ணன் மைதீன் பாய். சீசன் நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாமலும் நாசரிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"அண்ணாச்சி, உம்மா மௌத்தாப் போயிட்டா. இப்பம்தான் மாமா சொன்னாவ. எனக்கு உடனே டிக்கெட் வேணும். நான் வந்து உம்மா முகத்தப் பாக்கணும்."

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். டிக்கெட் விஷயத்தில் நான் அன்று ஒரு தவறும் செய்யவில்லை. லுங்கியோடு வாசலில் நின்றபடியே, போனிலேயே, துபாய் நேரம் காலை ஏழு மணி விமானத்தில் இடம் பிடித்தேன். நம் நேரத்துக்கு எட்டரை. பன்னிரண்டரைக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கும். செங்கோட்டை டிரைவர் கணேசனை எழுப்பி உடனே விமான நிலையத்துக்குப் போகச் சொன்னேன். மலைப்பாதையை அவன் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவான். எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. உங்களில் யார் செய்தாலும் இதைவிட வேகமாகச் செய்திருக்க முடியாது. எதற்காக இதைச் சொல்கிறேன் என்றால், வேலையை ஒழுங்காகச் செய்த அன்றுதான் நான் இதையும் செய்தேன்.

ஒன்பது மணிக்கு அலுவலகத்தைத் திறந்தேன். குற்றாலம் சாலையில் மாடியில் இருந்தது அப்போது. சற்று நேரத்தில் மைதீன் பாய் படியேறி வந்தார். வேட்டியெல்லாம் நனைந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, ஜமாஅத்துல கேக்காங்க. மய்யித்த லுஹர் தொழுகைக்கு எடுக்கவா, அசருக்கு எடுக்கவான்னு. லுஹர்னா ஒன்றரை மணி. அசர்னா அஞ்சு. எங்களுக்கு ரொம்ப நேரம் வைக்கக்கூடாது. இருந்தாலும் ஒத்தப் பிள்ள வருதான்னு அசர் வரைக்கும் வைக்கலாம்னு பெரியாளுக சொல்லுதாங்க. அதுக்கு மேல முடியாது. மழைய பாத்தேளா. பய அஞ்சுக்குள்ள வந்துருவானா?"

என் மனசுக்குள் கணக்கு தானாக ஓடியது. பன்னிரண்டரைக்கு இறங்குவான். பெட்டி கிடையாது, ஒரு மணிக்கு வெளியே வந்துவிடுவான். மூன்று மணி நேரம் மலைப்பாதை. நாலு மணி. சீசன் கூட்டத்துக்கு முக்கால் மணி. நாலே முக்கால். மனசு சொன்னது நாலே முக்கால்.

அப்போது எனக்கு அந்தக் குற்றாலத்து மண்டபம் ஞாபகம் வந்தது. ஒரு ஊரே காத்திருக்க, நான் சொன்ன ஆள் வராமல் போவது ஞாபகம் வந்தது.

"ஏழு மணி ஆயிரும் பாய்" என்றேன்.

"ஏழா."

"சீசன் பாய். அதுவும் ஞாயித்துக்கிழமை. நான் சொல்லுததுக்கு முன்னால வந்தா சந்தோஷம்தான."

வாய் பழகிவிட்டது, வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு எண் வரும் என்று எதிர்பார்த்திருப்பார் போல. பிறகு, "சரி, அப்பம் லுஹருக்குச் சொல்லிருதேன்" என்று இறங்கிப் போனார்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் எனக்கு இரண்டாவது தடவை ஒரு வாய்ப்பு கிடைத்தது.

பன்னிரண்டே முக்காலுக்குக் கணேசன் பேசினான். விமானம் கால் மணி நேரம் முன்னாலேயே இறங்கிவிட்டது.

"ஆளு வந்தாச்சு அண்ணாச்சி. கையில ஒரு பை மட்டும்தான். கெளம்பிட்டேன். மலை ஏறிட்டா சிக்னல் இருக்காது. நாலு, மிஞ்சிப்போனா நாலரை."

"சீசன்ல நாலரையாடே?"

"நான் எதுக்கு குத்தாலம் ரோட்டுக்கு வாறேன். உள் வழியா ஊருக்குள்ள விட்டுருவேன். இந்தா, தம்பி பேசணுங்காரு."

நாசருடைய துபாய் சிம் இங்கே வேலை செய்யவில்லை. கணேசனின் போனை வாங்கிப் பேசினான். "வீட்டுக்கு அடிச்சேன், யாரும் எடுக்கல அண்ணாச்சி. நாலரைக்கு வந்துருவேன்னு மாமாட்ட சொல்லிருங்க." அவ்வளவுதான் சொன்னான். லுஹருக்கு எடுக்கப்போவது அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

உடனே மைதீன் பாய்க்குப் போன் செய்தேன். பின்னால் ஆட்கள் ஓதுகிற சத்தம் கேட்டது.

"எறங்கிட்டானா. அல்ஹம்துலில்லாஹ். அண்ணாச்சி, சந்தூக்குப் பெட்டி வாசல்ல வந்து நிக்கி. இன்னும் தூக்கல. சொல்லுங்க, அஞ்சுக்கு வந்துருவான்னா நான் பெரியாளுககிட்ட பேசி அசருக்கு நிறுத்திருதேன். உறுதியாச் சொல்லுங்க."

நான் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். சாலை முழுக்க வேன், கார், பேருந்து. ஒன்றும் நகரவில்லை. ஒரு வேனுக்குள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு குடும்பமே முறுக்கு தின்றுகொண்டிருந்தது. ஐந்து என்று சொல்லி அது ஆறாகிவிட்டால்? வெட்டிய குழியில் மழைத் தண்ணீர், காத்து நிற்கும் ஜனம், எல்லார் வாயிலும் என் பெயர். ஏழு என்று சொல்லிவிட்டால் யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது. இவ்வளவையும் யோசிக்க எனக்கு ஒரு நொடிதான் ஆனது. அந்த ஒரு நொடியில் நாசரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

"டிரைவர் நாலரைங்கான் பாய். டிரைவருங்க பேச்ச நம்ப முடியாது. கீழ ரோட்டப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. நீங்க ஏழுன்னே வச்சுக்கிடுங்க."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ "ஏழாம்" என்று சொல்வது கேட்டது.

"சரி அண்ணாச்சி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மைதீன் பாய்.

லுஹருக்கு எடுத்தார்கள். நானும் போனேன். அடக்கம் செய்கிற கபர்ஸ்தானுக்கு வெளியே குடையோடு நின்றேன். எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது மணி மூன்று இருக்கும். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசிக்கொண்டதுதான் என் காதில் விழுந்தது. அருவியில் வெள்ளம் அதிகமாகிக் காலை பதினோரு மணிக்கே குளிக்கத் தடை போட்டுவிட்டார்களாம். வந்த கூட்டமெல்லாம் திரும்பிவிட்டதாம். இப்போது குற்றாலம் சாலையில் ஈ காக்கை இல்லையாம்.

நான் ஜன்னலிலிருந்து பார்த்த வண்டிகள் குற்றாலத்துக்குப் போன வண்டிகள் அல்ல. குற்றாலத்திலிருந்து திரும்பி வந்த வண்டிகள். இத்தனை வருடம் அந்தச் சாலையின் மேலேயே உட்கார்ந்து தொழில் செய்த நான், வண்டிகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தேன், பயந்தேன். அவ்வளவுதான் பார்த்தேன்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கணேசனின் கார் வந்து நின்றது.

நாசர் பையைக்கூட எடுக்காமல் இறங்கினான். வாசலில் கூட்டம் இருந்தது. ஆனால் ஒருவரும் அவனை வீட்டுக்குள்ளே போகச் சொல்லவில்லை. அவன் மாமாவைப் பார்த்தான். பிறகு மாமாவின் காலைப் பார்த்தான். இரண்டு காலிலும் கணுக்கால் வரை கபர்ஸ்தான் செம்மண்.

"எடுத்தாச்சா மாமா" என்றான்.

"லுஹருக்கு எடுத்தாச்சு வாப்பா. நீ ஏழு மணி ஆயிரும்னு..." மைதீன் பாய் பாதியில் நிறுத்திவிட்டார். யார் சொன்னது என்று சொல்லவில்லை. நான் நாலடி தள்ளித்தான் நின்றேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், நான் அதை ரசித்துச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்று யாராவது திட்டுவார்களா என்று காத்திருந்தேன்.

கபர்ஸ்தானுக்குப் போய்விட்டு வந்து நாசர் வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். யாரோ டீ கொடுத்தார்கள். அதைக் கையிலேயே வைத்திருந்தான். அதன் பிறகுதான் அசருக்குப் பாங்கு சொன்னார்கள்.

தம்பிகளே, தங்கச்சி, நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். சாலையில் எங்கே நெரிசல் என்று உங்கள் கைபேசியே சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிறது. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்து ஒரு மணியைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். குறைத்துச் சொன்னால் திட்டு விழும். கூட்டிச் சொன்னால் திட்டு விழாது. அதனால் கூட்டிச் சொல்வது நல்லது என்று தோன்றும். வாடிக்கையாளருக்காகத்தான் கூட்டுகிறோம் என்றும் தோன்றும். இல்லை. நான் கூட்டிய நேரம் முழுவதும் எனக்காகக் கூட்டியது.

மைதீன் பாயிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். "எனக்கு நாலே முக்கால்னு தோணுது பாய். ரோடு மோசமா இருந்தா ஆறுகூட ஆகலாம். உறுதி சொல்ல முடியாது. நீங்களே முடிவு பண்ணுங்க." இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அதைக் கேட்டு அவர்கள் லுஹருக்கே எடுத்திருந்தாலும் அது அவர்கள் முடிவு. அவர்கள் எடுக்க வேண்டிய முடிவை நான் எடுத்துவிட்டு, அதற்கு ஏழு மணி என்று பெயர் வைத்துக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து நாசர் திரும்பிப் போக டிக்கெட் போட வந்தான். படியில் அவன் தலை தெரிந்தது. நானே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது, "வாடே, மழை விட்டுருச்சு போல" என்பது.

அவன் எதிரில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். மாமா எல்லாம் சொன்னாவ. உங்களக் கொற சொல்ல வரல. அன்னைக்கு நீங்க ஏழுன்னு சொன்னேள்லா. உங்க மனசுல என்ன மணி இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏழுதான் இருந்தது என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். மைதீன் பாயே நம்பினார்.

"நாலே முக்கால்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துவிட்ட மெக்கானிக் தலையாட்டுவது மாதிரி இருந்தது. கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"அதச் சொல்லிருக்கலாம் அண்ணாச்சி" என்றான்.

"சொல்லிருக்கணும்டே."

நான் கணினிப் பக்கம் திரும்பினேன். வேலை இருக்கும்போது மனிதன் முகத்தை வைத்துக்கொள்ள ஓர் இடம் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை இரண்டு விமானம் காட்டியது.

"காலையில ஒண்ணு இருக்கு, சாயங்காலம் ஒண்ணு இருக்கு. எதுல போட?"

"எதுலனாலும் போடுங்க" என்றான் நாசர். "இனிமே நான் எங்கன எத்தன மணிக்குப் போய்ச் சேந்தேன்னு கேக்கதுக்கு ஆளில்ல."